ஒரு தெரு முழுக்க வடவர்

பிள்ளைகளே, நின்ற இடத்தில் நிற்க முடியாமல் இரண்டு நாள் நான் பட்ட பாட்டை இந்த வாரம் சொல்கிறேன். இதை எழுத உட்கார்ந்த பிறகும் இரண்டு தடவை எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டு வந்தேன். "ஒரு இடத்துல உக்காந்து எழுதுனா என்னா?" என்று உங்கள் அம்மா கேட்டுவிட்டாள். உட்கார முடியாத விஷயம் இது.

வைகையின் தென்கரை. காலை வெயில் ஏறத் தொடங்கிய நேரம். ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாகத்தான் ஓடியது, மீதியெல்லாம் மணல். சேதுராம் அண்ணன் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, சாயம் ஏற்றிய நூல் சுருள்களை, கழி என்பார்கள், அலசிக்கொண்டிருந்தார். அவர் காலைச் சுற்றிச் சிவப்பு கிளம்பும். கொஞ்ச தூரத்தில் ரோஜா நிறமாகும். துணி வெளுக்கிற துறைக்குப் போய்ச் சேருவதற்குள் வெறும் தண்ணீராகிவிடும்.

"என்னா மாப்ள, ரேஷன் கார்டு எப்ப வருது?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"வந்துரும்ணே."

"வந்துரும்னா? வியாழக்கிழமைன்னு கடைக்காரர் சொல்றாரு. வேணி வந்து நாலு நாளாச்சு. வயித்துப்புள்ளக்காரிக்கு எத்தனை நாளைக்குக் கேப்பைக் கூழையே ஊத்துறது? அவ மாமியார் வீட்டுல கேட்டா என்னா நினைப்பாக?"

"வந்துரும்ணே" என்றேன் மறுபடியும்.

"லிஸ்ட்டு எழுதுனவனே நம்ம வீட்டு மச்சுல இருக்கான். நமக்கு என்னா கவலை" என்று சிரித்தார். பிழிந்த கழியை மூங்கிலில் மாட்டினார். கை முழங்கை வரைக்கும் சிவப்பு.

நான் சிரிக்கவில்லை. அந்தத் தெருவுக்கு வியாழக்கிழமை கார்டு வராது என்பது முந்தின நாள் சாயங்காலமே எனக்குத் தெரியும். வராமல் செய்தவன் நான்தான்.

மச்சில் இருந்தவன்

யார் இந்தச் சேதுராம் அண்ணன் என்று கேட்பீர்கள். முனிச்சாலைப் பக்கம் ஒரு நெசவுக்காரத் தெருவில் சாயம் போடுகிறவர். சௌராஷ்டிரர். அந்தத் தெருவில் நாற்பத்திரண்டு வீடு. அத்தனையும் அவர்கள் ஆட்கள்தான். வெளியே பேசுவது நம்முடைய மதுரைத் தமிழ். வீட்டுக்குள்ளே போய்விட்டால் அவர்கள் பாஷை. அதில் "ஆவோ" என்றால் "வா" என்பது மட்டும் எனக்கு முதல் வாரத்திலேயே பிடிபட்டது. சாப்பாட்டு நேரத்தில் அண்ணி, அதாவது சேதுராம் அண்ணனின் மனைவி, மச்சுப்படியின் அடியில் நின்று அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வார்.

நான் மேலூருக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கையெழுத்து நன்றாக இருக்கும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு பிழைக்கலாம் என்று மதுரைக்கு வந்து, சேதுராம் அண்ணன் வீட்டு மச்சில் குடியிருந்தவன். சேதுராம் அண்ணனுக்கு என்னைவிட எட்டொன்பது வயதுதான் கூட. தாய் தகப்பன் இல்லாத வீடு. தங்கச்சி வேணியை அவர்தான் கட்டிக்கொடுத்தார். இப்போது அவள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

யுத்த காலம். அரிசி கடையில் கிடைக்காது, ரேஷன் வந்துவிட்டது. தெருத் தெருவாக ஆள் கணக்கு எழுத, கையெழுத்து நன்றாக உள்ளவர்களைத் தற்காலிகமாக எடுத்தார்கள். என்னையும் எடுத்தார்கள். கொஞ்ச நாள் ஒழுங்காக எழுதினால் நிரந்தரம் ஆகலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் வெயில் என்று பார்க்காமல் தெருத் தெருவாக நடந்தேன். செருப்பு அறுந்து, சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு நடந்தேன்.

நோட்டுப் புத்தகத்துச் சொல்

கதையை விட்டுவிட்டு ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. நல்ல தமிழ்ச் சொல் எங்கே காதில் விழுந்தாலும், கண்ணில் பட்டாலும் அதில் எழுதிவைப்பேன். படிப்பு பாதியில் நின்றவனுக்கு அப்படி ஒரு பசி இருக்கும். வாசகசாலையில் போய் உட்கார்ந்து பழைய செய்யுள் புத்தகங்களைப் புரட்டுவேன். பாதி புரியாது. புரிந்த சொல்லை மட்டும் பொறுக்கிக்கொண்டு வருவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திடலில் கூட்டம். பேசியவர் யார் என்று எனக்குத் தெரியாது, வெளியூர்க்காரர். பேச்சின் நடுவே "வடவர்" என்றார். கூட்டம் கை தட்டியது. வடவர் என்றால் வடக்கே உள்ளவர்கள். அவ்வளவுதான் அர்த்தம். நம் ஊரில் சாதாரணமாக யாரும் அப்படிச் சொல்வதில்லை. "வடக்கத்தியான்" என்போம், கொஞ்சம் மரியாதை வேண்டுமென்றால் "வடநாட்டுக்காரர்" என்போம். வடவர் என்பது ஏட்டில் இருந்த சொல். பழைய பாட்டில் படையெடுத்து வருகிறவர்களுக்கும் தோற்றுப் போகிறவர்களுக்கும் அது வரும். அதை அவர் மேடையில் எடுத்துச் சுழற்றியபோது பளபளவென்று இருந்தது.

அன்றைக்கே நோட்டில் எழுதினேன். எழுதியதோடு விட்டேனா? அடுத்த நாள் முழுக்க அதை எங்கேயாவது சொல்லிப் பார்க்க வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. ஸ்டேஷனில் கோதுமை மூட்டை இறக்கிய பஞ்சாபிச் சிப்பாய்களைப் பார்த்து, "வடவர் வந்துள்ளனர்" என்று பக்கத்தில் நின்ற ஜட்கா வண்டிக்காரரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒடம்பு சரியில்லையா?" என்றார்.

ஏன் அந்தச் சொல் எனக்கு அப்படிப் பிடித்தது என்று இப்போது யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. மதுரைக்கு வந்த புதிதில் என்னை எல்லாரும் "அக்கரையான்" என்றார்கள். ஆற்றுக்கு வடகரையிலிருந்து பாலம் தாண்டி வருகிறவனுக்கு டவுன்காரர்கள் வைத்த பெயர். டீக்கடையில் கிளாஸை எப்படிப் பிடிக்கிறான் பார் என்று சிரிப்பார்கள். எனக்கும் வடக்கே ஒருத்தர் இருக்கிறார், அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்தபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

என் ஆத்தா

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் ஆத்தாவை நீங்கள் பார்த்ததில்லை. எங்கள் ஊருக்கு வடக்கே, ஒரு கண்மாய் தாண்டினால் அவள் பிறந்த ஊர். நின்று கூப்பிட்டால் கேட்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கண் மூடும் வரைக்கும் எங்கள் ஊரில் அவளுக்குப் பெயர் "வடக்கூர்க்காரி". நான்கு பிள்ளை பெற்றாள். எங்கள் வயலில்தான் குனிந்து நிமிர்ந்தாள். ஆனாலும் வடக்கூர்க்காரிதான். குழம்பில் புளி கூடிப்போனால், "வடக்கூர் கைப்பக்குவம்" என்பார்கள்.

அவள் பதில் பேச மாட்டாள். கோபம் வந்தால் சுளகை எடுத்துக்கொண்டு போய் வடக்கே பார்த்து உட்கார்ந்து அரிசி புடைப்பாள். அந்தத் தட்டலிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். நாங்கள் யாரும் கிட்டே போக மாட்டோம்.

இதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவன்தான் நான்.

மேற்படி

ரேஷன் பட்டியலில் பெயர், வயது, உறவு, தொழில் என்று கட்டங்கள். கடைசிக் கட்டம் "எவ்விடத்தார்". பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள், குண்டு விழும் என்று பயந்து பட்டணத்திலிருந்து வந்து தங்கியவர்கள் எல்லாம் அப்போது ஊரில் நிறைய இருந்தார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டத்தான் அந்தக் கட்டம். ஊரோடு இருப்பவர்களுக்கு "உள்ளூர்" என்று போட வேண்டும். வந்து தங்கியவர்களுக்கு வந்த இடத்தைப் போட வேண்டும். அவர்கள் படிவங்களை ஆபீஸில் வேறு கட்டாகக் கட்டுவார்கள்; இன்ஸ்பெக்டர் வந்து சோதித்த பிறகுதான் கார்டு. அதற்கு ஒரு மாதமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம்.

மற்ற தெருக்களில் எல்லாம் "உள்ளூர்" என்றுதான் போட்டுக்கொண்டு போனேன். எங்கள் தெருவுக்கு வந்தது அந்தக் கூட்டம் நடந்த அடுத்த வாரம். ஆதியில் இவர்கள் குஜராத் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று சேதுராம் அண்ணனே எனக்குச் சொல்லியிருந்தார். எவ்விடத்தார் என்று கேட்கிறார்கள். தெரிந்ததை ஒழுங்காக எழுத வேண்டும் அல்லவா? நிரந்தர வேலை வேறு கண்ணில் ஆடுகிறது. பேனாவை மையில் தொட்டு, என் கையெழுத்திலேயே நல்ல கையெழுத்தில் எழுதினேன்: வடவர்.

ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான் எழுதுவோம். அதற்குக் கீழே உள்ள பெயர்களுக்கு மேற்படிக் குறி, ௸, அதைப் போட்டுக்கொண்டே இறங்குவோம். நாற்பது வீடு எழுதினவனுக்கு அந்தக் குறியைக் கை தானாகவே போடும், கண் பார்க்காது. அப்படித்தான் தெரு முழுக்கப் போட்டேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பெயரையும் வயதையும் கேட்டேன். இந்தக் கட்டத்தை நானே நிரப்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆபீஸில் கட்டுகளைப் பிரித்து அடுக்கினார்கள். எங்கள் தெருக் கட்டு பர்மாக்காரர்கள் கட்டின் மேலே போய் உட்கார்ந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஹெட்கிளார்க்கின் பொடி டப்பி

செவ்வாய்க்கிழமை ஆற்றங்கரையிலிருந்து நேரே ஆபீஸுக்கு ஓடினேன். ஹெட்கிளார்க் வருவதற்கு முன்பே போய், வராந்தாவில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தேன். பியூன், "தரை தேயுது" என்றான்.

ஹெட்கிளார்க் தஞ்சாவூர்க்காரர். பொடி போடுகிறவர். கோபமாகப் பேசி நான் பார்த்ததில்லை. கோபப்பட்டாலே தேவலை என்று தோன்றும்படி நிதானமாகப் பேசுவார்.

"முனிச்சாலைப் பக்கத்துக் கட்டிலே ஒரு தப்பு ஆயிடுச்சு சார். வடவர்னு எழுதியிருக்கேன். உள்ளூர்னு இருக்கணும்."

கட்டை எடுக்கச் சொன்னார். பிரித்தார். வாய்க்குள்ளேயே படித்தார்.

"வடவர். பார்க்க அழகா இருக்கு. எங்கே பிடிச்சே?"

"படிச்சது சார்."

"இவாள்ளாம் வந்து எத்தனை காலமாச்சு?"

"பல தலைமுறை சார்."

"நான் வந்து பதினோரு வருஷம். தஞ்சாவூர் மதுரைக்கு எந்தப் பக்கம்?"

"வடக்கு... வடகிழக்கு சார்."

"அப்ப நானும் உன் கணக்கிலே ஒரு வடவன். எனக்கு ரேஷன் உண்டா?"

பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். நான் தலை குனிந்து நின்றேன். அவர் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"இது என்ன, சேதுராம், சாய வேலை. சம்சாரம். தங்கை. இதுக்குக் கீழே நாலாவது, அழகு, வயசு இருபத்திரண்டு, மச்சில் குடியிருப்பு. இது யாரு?"

"நான்தான் சார்."

"உன் பேருக்கு நேரே என்ன இருக்குன்னு பாரு."

பார்த்தேன். என் கையெழுத்து. என் பெயருக்கு நேரே மேற்படிக் குறி, வாலை நீட்டிக்கொண்டு இருந்தது. என்னை நானே வடவர் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். பர்மாக்காரர்கள் கட்டோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஹெட்கிளார்க் டப்பியைத் திறந்தார், மூடினார். "அடிச்சுத் திருத்தினா செல்லாது. புதுப் படிவம் எழுதணும். முன்னே எழுதினது என்ன, இப்ப எழுதறது என்ன, ரெண்டும் போட்டு, வீட்டுக்கு ஒருத்தர் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடணும். நாளைக்கு அஞ்சு மணிக்குக் கட்டு போயிடும். அதுக்குள்ளே வந்தா இதிலே சேர்த்துடறேன். வரலேன்னா இன்ஸ்பெக்டர் வர வரைக்கும் அந்தத் தெரு காத்திருக்கட்டும்."

"வேலை சார்..."

"அதை அப்புறம் பார்ப்போம். முதல்லே போய்ட்டு வா."

வீடு வீடாக

ரகசியமாகத் திருத்திவிடலாம் என்றுதான் நான் ஆபீஸுக்கு ஓடியது. இப்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "உங்களை நான் இப்படி எழுதினேன்" என்று படித்துக் காட்ட வேண்டும்.

சேதுராம் அண்ணன் வீடு தெருவின் நடுவில். நான் மேற்குக் கோடியில் ஆரம்பித்தேன். நடுவில் வந்ததும் அந்த வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குத் தாண்டினேன். வாசலில் உட்கார்ந்து வேணி சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். வயிறு பெரிதாகி, துணியை மடியில் வைக்க இடமில்லாமல் முழங்காலில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்து, "என்னா அண்ணே, நம்ம வீடு கண்ணுக்குத் தெரியலையா?" என்றாள். "கடைசில வாரேன்மா" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

எல்லா வாசலிலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். நான் படிப்பேன். தறிச் சத்தம் நிற்கும்.

"வடவர்னா என்னா?"

"வடக்கே உள்ளவங்கண்ணே."

"வடக்கேன்னா? தல்லாகுளமா?"

உள்ளேயிருந்து பெண்கள் சிரிப்பார்கள். தல்லாகுளம் ஆற்றுக்கு அக்கரை, பாலம் இறங்கினால் வந்துவிடும். ஒருவர் தறி நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து வந்தார். "ஏப்பா, மேலூர்ப் பக்கம்தானே நீ? பாலம் தாண்டி வந்தவன் நீ. நான் இந்த வீட்டுல பொறந்தவன். எங்கப்பா பொறந்தது அந்தா அந்த ரூம்பு. இதுல வடக்கு யாரு, தெற்கு யாரு?"

"தப்புத்தாண்ணே. கையெழுத்துப் போடுங்க."

"இரு, இரு. தப்புன்னு ஒத்துக்கிட்டா ஆச்சா? உங்க ஊரு எதுன்னு கேளு. கேட்டு எழுது. அன்னைக்குக் கேட்டியா?"

அது எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் கேட்டேன். "உங்க ஊர் எதுண்ணே?" சிலர் உடனே சொன்னார்கள், "மதுரை" என்று. சிலர் சொல்லாமல் என்னை நிற்க வைத்தார்கள். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை. மூன்றாவது தடவை போனபோதுதான் திறந்தார்கள். தெருவில் எல்லாருக்கும் மூத்தவரான ஒரு நெசவுக்காரர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு வரியையும் படித்துவிட்டுச் சொன்னார்:

"அரண்மனை கட்டுன ராசாவுக்குப் பட்டு வேணும்னு கூப்புட்டாக, வந்தோம்னு எங்க ஆளுங்க சொல்லுவாக. அரண்மனை பாதி இடிஞ்சுபோச்சு. ராசாவும் இல்ல. நாங்க இன்னும் தறி நெஞ்சுக்கிட்டுத்தான் இருக்கோம். எழுதிக்க, உள்ளூர்னு."

எழுதிக்கொண்டேன்.

புதன்கிழமை மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. மேல்காற்று தெருப் புழுதியை எல்லாம் வாரிப் படிவத்தின் மேல் போட்டது. மை காய்வதற்குள் மண் ஒட்டியது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து நான் மச்சுக்குப் போகவில்லை. இரவு ஆற்று மணலில் படுத்துக்கொண்டேன் என்று மட்டும் சொல்கிறேன். அண்ணி படிக்கட்டில் நின்று "ஆவோ" என்று கூப்பிட்டுப் பார்த்திருப்பார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

நாற்பத்தொரு கையெழுத்து. மணி நாலு அடித்துவிட்டது. மீதி ஒரு வீடு.

நாற்பத்திரண்டாவது வீடு

சேதுராம் அண்ணன் வேலையை விட்டுவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். தெரு முழுக்கத் தெரிந்தது அவருக்கு மட்டும் தெரியாமல் இருக்குமா? அண்ணி கதவோரம் நின்றார். வேணி முடிச்சுப் போடுவதை நிறுத்தியிருந்தாள்.

என்னை அவர் மாப்ள என்று கூப்பிடவில்லை.

"படி" என்றார்.

படித்தேன். முன்பு எழுதியது: வடவர். இப்போது எழுதுவது என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, "உங்க ஊர் எதுண்ணே?" என்று கேட்டேன்.

"நேத்துக் காலையில ஆத்துல கேட்டேன்ல, கார்டு எப்ப வரும்னு. அப்ப உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே."

"தெரிஞ்சுதான் வந்துரும், வந்துரும்னியா?"

"ஆமாண்ணே."

"நாப்பத்தோரு வீட்டுக்குப் போயிட்டு என் வீட்டுக்குக் கடைசியா வார. என்னையப் பார்க்கப் பயமா, வெக்கமா?"

"ரெண்டுந்தாண்ணே."

வேணி அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். அண்ணி சிரிப்பை அடக்கினார். அண்ணன் அடக்கவில்லை, உதடு கொஞ்சம் அசைந்துவிட்டது. "என்னா சொல்லுது?" என்று கேட்டேன்.

"நீ ரெண்டு நாளா எங்க சாப்டேன்னு கேக்குறா. மூஞ்சி கருவாடா இருக்குன்றா. எழுதுடா, உள்ளூர்னு."

எழுதினேன். அண்ணிக்கு மேற்படி. வேணிக்கு மேற்படி. நாலாவது பெயர் வந்தது. பேனா நின்றது.

"என்னா நின்னுட்ட? மணி ஆகுதுல்ல."

"இது என் பேருண்ணே. அன்னைக்கு உங்களுக்குப் போட்ட மாதிரியே எனக்கும் குறி போட்டுட்டேன், பார்க்காம."

"அப்ப நீயும் வடவனாத்தான் போயிருக்கியா?"

"ஆமாண்ணே."

இப்போதுதான் அவர் வாய்விட்டுச் சிரித்தார். வேணிக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி அவளை அதட்டினார். நானும் சிரித்திருக்க வேண்டும். கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

"சரி, இப்ப உனக்கு என்னா எழுதப் போற?"

"மேலூர்ப் பக்கம்னு எழுதணும்ணே. வந்து ஒரு வருஷம்கூட ஆகல. அதுதான் நெசம்."

"எழுதுனா?"

"உங்க மூணு பேருக்கும் கார்டு வந்துரும். என் பேரு மட்டும் சோதனைக்குப் போகும். பரவால்லண்ணே. தப்புப் பண்ணுனவன் நான்தானே."

அவர் எழுந்து வந்தார். நாள் முழுக்கக் கழுவினாலும் போகாத சிவப்பு அந்த விரல்களில். படிவத்தை என் கையிலிருந்து வாங்கி, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு நாளா வீடு வீடாப் போயி, உங்க ஊரு எது, உங்க ஊரு எதுன்னு கேட்டேல்ல. கேட்டதைத்தானே எழுதுன?"

"ஆமாண்ணே."

"உன்னைய யாரும் கேக்கலைல்ல. இது என் வீட்டுப் படிவம். கையெழுத்துப் போடுறவன் நான். நான் சொல்றேன்." என் பெயருக்கு நேரே விரலை வைத்தார். "மேற்படி போடு, மாப்ள."

போட்டேன். இந்தத் தடவை கண்ணால் பார்த்துப் போட்டேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். விரல் வைத்த இடத்தில், என் பெயருக்குப் பக்கத்தில், சிவப்பாக ஒரு தடம் விழுந்துவிட்டது. "ஐயோ, கறையாயிருச்சே" என்றார் அண்ணி. துடைக்க நேரமில்லை. ஓடினேன்.

ஹெட்கிளார்க் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டு படிவத்தையும் நின்றுகொண்டே புரட்டினார். கடைசியில் நிறுத்தி, "இது என்ன, ரத்தமா?" என்றார்.

"சாயம் சார்."

என் பெயரைப் பார்த்தார். குறியைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

"மேலே உள்ளவர் படிச்சுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாரா?"

"பார்த்துத்தான் சார் போட்டார்."

"அப்போ சரி" என்று கட்டோடு சேர்த்துக் கயிற்றை இறுக்கினார்.

மற்ற தெருக்களுக்கெல்லாம் வியாழக்கிழமை வந்த கார்டு எங்கள் தெருவுக்குச் சனிக்கிழமை வந்தது. அண்ணி அன்றைக்கு அரிசிச் சோறு வடித்து, கஞ்சியை ஒரு செம்பில் ஆற்றி வேணிக்குக் கொடுத்தார். எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. அந்த வேலை முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். நோட்டுப் புத்தகத்தில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது, நான் அடிக்கவில்லை. நல்ல சொல்தான். யார் மேல் வைப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

முதலில் எழுதியது தவறு, அதைத் திருத்திவிட்டேன். இரண்டாவதாக என் பெயருக்கு எழுதியதும் சட்டப்படி தவறுதான். அதை நான் இன்றுவரை திருத்தவில்லை. பிள்ளைகளே, பள்ளிக்கூடத்துப் படிவத்தில் சொந்த ஊர் என்ற இடத்தில் நீங்கள் யோசிக்காமல் மதுரை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள். ஆனால் அது உங்களுக்கு என்னிடமிருந்து வரவில்லை. அந்தப் படிவத்தில் எனக்கு மேலே, முதல் வரியில் இருந்தவர் கொடுத்தது.